சிதறுகாயும் ஸ்மாஷும்

(தருமபுரியில் பள்ளி மாணவர்களுக்கான வாசகர் கூட்டம் ஒன்றில் ஓர் ஆங்கில ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

என் வகுப்புப் பையன் ஒருவன், கோயிலுக்குப் போன கதையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அதில் தேங்காயை ‘ஸ்மாஷ்’ செய்தேன் என்று ஒரு வரி. நான் சிவப்பு மையால் அடித்து, ‘பிரேக்’ என்று திருத்தினேன். நோட்டை வாங்கிப் போனவன் திரும்பி வந்து, “சார், நான் உடைச்சது பிள்ளையாருக்குச் சிதறுகாய் சார்” என்றான்.

அவன் எழுதியதுதான் சரி. அர்ச்சனைத் தேங்காயைப் பக்குவமாகத் தட்டுகிறோம், இரண்டு மூடியும் சமமாக வந்தால் மனசு நிறைகிறது. அது பிரேக். சிதறுகாய் அப்படியா? தலைக்கு மேல் தூக்கி, கல்லில் ஓங்கி அடிக்கிறோம். சில்லுகள் நாலு பக்கமும் பறக்கின்றன, பிள்ளைகள் பொறுக்க ஓடுகிறார்கள். வேகம், சத்தம், சிதறல். மூன்றும் சேர்ந்தால் ஸ்மாஷ். நான் திருத்தியதை அடித்துவிட்டு அவன் சொல்லையே மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சொல் ஓசையிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. நம் ‘சடார்’, ‘நொறுநொறு’ மாதிரி. முன்னால் நிற்கும் ‘ஸ்’ போய்விட்டால் ‘மாஷ்’. அது உருளைக்கிழங்கை மசிப்பது. மசிப்பதில் சத்தமும் இல்லை, சில்லும் இல்லை.

ஷட்டில் ஆடுகிறவர்கள் தினமும் இந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள். 2023இல் நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஒரு ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. அங்கே எதுவும் நொறுங்கவில்லை. மேலிருந்து கீழே ஓங்கி அடிக்கும் கை மட்டும்தான் அதில் மிச்சம். சிதறுகாய் உடைக்கிற அதே கை வீச்சு, கவனித்துப் பாருங்கள்.

சாதனையை ஸ்மாஷ் செய்தார் என்றால் முறியடித்தார். படம் ஸ்மாஷ் ஹிட் என்றால் சக்கைப்போடு போடுகிறது. ‘ஸ்மாஷிங்’ என்று இங்கிலாந்துக்காரர் சொன்னால் பிரமாதம் என்று பொருள். கடைக் கண்ணாடியை உடைத்துச் சாமானை அள்ளிக்கொண்டு ஓடுவதற்கு ‘ஸ்மாஷ் அண்ட் கிராப்’. சரி, இவையெல்லாம் அகராதியிலேயே கிடைக்கும்.

அகராதி சொல்லாத ஒன்று இருக்கிறது. தமிழில் எது உடைகிறது என்று பார்த்துத்தான் வினைச்சொல்லே வருகிறது. குச்சி ஒடியும், எலும்பு முறியும், கயிறு அறும், சுவர் இடியும், கண்ணாடி நொறுங்கும். லாரி மோதினால் கார் ‘அப்பளம் போல் நொறுங்கியது’ என்று பத்திரிகையில் போடுகிறார்கள். ஸ்மாஷுக்கு இதைவிட நெருக்கமான தமிழை நான் பார்த்ததில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, பாறையைப் பிளப்பார்கள். அதை யாரும் நொறுக்குவதாகச் சொல்ல மாட்டார்கள். நொறுங்கினால் நஷ்டம். அதே கல் கிரஷருக்குப் போனால்தான் ஜல்லியாக உடைபடும்.

இந்த மண் அன்றைக்குத் தகடூர். அதியமானுக்காகத் தூது போன ஒளவையாரிடம் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன என்கிறார். எங்கள் தலைவனின் வேல்களோ “பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து” கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம்.

‘சிதைந்து’ என்ற சொல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல போர் பார்த்த இரும்பு முனை தேங்காய்போலச் சிதறாது, கண்ணாடிபோல நொறுங்காது. வளையும், மழுங்கும், நுனி போய்விடும். அத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பட்டறைக்குப் போனால் மறுபடி கூராகும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த வரியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், தயவுசெய்து ஸ்மாஷ் போடாதீர்கள்.

உங்களில் சிலருடைய அப்பாக்கள் குவாரியில் வேலை செய்கிறார்கள், சிலர் வீட்டில் பட்டறை இருக்கிறது. கல்லும் இரும்பும் எப்படியெல்லாம் உடைகின்றன, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றுக்கு ஆங்கிலம் தேடுவோம்.