பதறாத காரியம் சிதறாது: பிள்ளைகளோடு உம்ரா செல்வோருக்கு

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

மரியாதைக்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, இரண்டு நிக்காஹ் மஜ்லிஸ்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தலைமை இமாம் ஹஜ்ரத் அவர்களே, மதரஸா உஸ்தாதுமார்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பந்தல்காரத் தம்பி அவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பள்ளி விடுமுறையில் மக்காவுக்கு உம்ரா என்ற புனிதப் பயணம் புறப்படும் குடும்பங்களை வழியனுப்பும் கூட்டம் இது. எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அந்தப் பணம் வேறு எதற்குப் போயிருக்கலாம் என்று பேச்சின் கடைசியில் சொல்வேன். செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். முதலாவது விமான நிலையம், இரண்டாவது ரயில் நிலையம், மூன்றாவது பயணத்தில் பிள்ளைகளின் தொழுகை. மூன்றுக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன ஒரு வாக்குப் போதும்: பதறாத காரியம் சிதறாது.

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் இன்னொரு முறை கேளுங்கள். அரபு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து நெடுந்தூரம் வந்தவர்கள் அவர்கள். ஒட்டகம் நின்றதுதான் தாமதம். இறங்குகிறார்கள், ஓடுகிறார்கள். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களைப் பார்த்துவிட வேண்டும், கையை முத்தமிட வேண்டும். யாரும் குறை சொல்ல முடியாத அவசரம்தான். ஆனால் அஷஜ் என்று அழைக்கப்பட்ட முன்திர் மட்டும் ஓடவில்லை. அவர் மூட்டை முடிச்சுகளை ஒன்றுசேர்த்தார், ஒட்டகத்தைக் கட்டினார், பையைத் திறந்து நல்ல ஆடை எடுத்து உடுத்தினார், பிறகு நடந்து வந்தார் என்று நபிமொழி விளக்கவுரைகளில் படிக்கிறோம். இத்தனை பேர் ஓடி வந்தார்களே, நபியவர்கள் பாராட்டியது யாரை? கடைசியாக நடந்து வந்தவரை! “அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் உம்மிடம் இருக்கின்றன: சகிப்பு, நிதானம்” என்றார்கள். “இவை நானாக வளர்த்துக்கொண்டவையா, அல்லாஹ் என்னிடம் படைத்தவையா?” என்று அவர் கேட்க, “அல்லாஹ் படைத்தவை” என்று பதில் வந்தது. அந்த மனிதர் அங்கேயே அல்லாஹ்வைப் புகழ்ந்தார்.

சரி, நாம் விமான நிலைய வாசலில் காரிலிருந்து எப்படி இறங்குகிறோம்? அத்தா டிராலி தேடி ஒரு பக்கம், உம்மா பாஸ்போர்ட் தேடி இன்னொரு பக்கம், பிள்ளை தெருவில். முதலில் பிள்ளைகளைக் காருக்குள்ளேயே வைத்திருங்கள். டிராலி வந்து, பெட்டி ஏறி, பயண ஆவணங்கள் ஒருவர் கைக்கு வந்த பிறகு நடைபாதைப் பக்கக் கதவைத் திறந்து இறக்குங்கள்.

குடும்பம் பிரிகிற முதல் இடம் பாதுகாப்புச் சோதனை. நம் நாட்டில் ஆணுக்குத் தனி வரிசை, பெண்ணுக்குத் திரை மறைவில் தனிச் சோதனை. அத்தா முந்தி முடித்துவிட்டு டிரேயில் வரும் பெல்ட்டையும் போனையும் பொறுக்கிக்கொண்டிருப்பார், உம்மா இன்னும் உள்ளே இருப்பார். நடுவில் நிற்கும் நாலு வயதுப் பிள்ளை யாருடையது? வரிசையில் சேரும் முன்பே பேசி முடியுங்கள்: இந்தப் பிள்ளை உம்மாவோடு, அந்தப் பிள்ளை அத்தாவோடு. தள்ளுவண்டியை மடித்து எக்ஸ்ரேயில் வைக்க வேண்டும், அதற்குள் தூங்கும் குழந்தையைத் தோளுக்கு மாற்றிவிடுங்கள். குழந்தையின் பாலைத் தனியாக எடுத்துக் காட்டினால் அனுமதிப்பார்கள்; பையின் அடியில் புதைத்து வைத்தால்தான் தாமதம்.

நகரும் படிக்கட்டில் பர்தாவின் விளிம்பும், மெத்தென்ற ரப்பர் செருப்பும்தான் சிக்கும். விளிம்பைத் தூக்கிப் பிடித்து, பிள்ளையைப் படியின் நடுவில் நிறுத்துங்கள், ஓரத்தில் கால் உரசக் கூடாது. தள்ளுவண்டி இருந்தால் லிஃப்ட்தான்.

விரல் நுனியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை நடக்க விடாதீர்கள், வியர்த்த கை வழுக்கும். மணிக்கட்டைச் சுற்றிப் பிடியுங்கள். அதற்காகச் சுண்டி இழுத்துவிடாதீர்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழங்கை எலும்பு சட்டென்று நழுவும். கையை அசைக்காமல் தொங்கவிட்டு அழுதால் அதட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது நம்மவர்கள் யோசிக்காத ஒன்று. வீட்டில் சட்டையோடு பார்த்த அத்தா இஹ்ராம் என்ற யாத்திரை உடையில், வெள்ளைத் துணியோடு நிற்கிறார். ஜித்தாவில் இறங்கினால் பார்க்கும் ஆண்களில் பலர் அதே வெள்ளை, உம்மாக்களில் பலர் அதே கறுப்பு. பிள்ளை வேறொருவரின் துணியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடும். ஆகவே அத்தா பளிச்சென்ற பச்சை நிறத் தோள்பை மாட்டிக்கொள்ளட்டும். “துணியைப் பார்க்காதே, பச்சைப் பையைப் பார்” என்று வீட்டிலேயே பழக்குங்கள்.

பிள்ளை தரையில் புரண்டு அழுதால்? பசி, தூக்கம், இரைச்சல், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். ஷைத்தான் பிடித்துவிட்டது என்று ஊருக்கு முன்னால் சொல்லாதீர்கள். நின்றபடி கோபம் வந்தால் உட்காருங்கள் என்பது நபிமொழி. அதையே செய்யுங்கள்: ஓரமாகப் போய்ப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு வாக்கியம் பேசுங்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத், அவர் வழி வந்த சமுதாயம் நாம். வாசனைத் திரவியக் கடையில் நிற்கும் நேரத்தை நாம் சுருக்க முடியாதா? பதறாத காரியம் சிதறாது.

ரயிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2 நிமிடம் நிற்கும் ஊரில் முதலில் ஒரு பெரியவர் ஏறட்டும், அடுத்து பிள்ளைகள், அடுத்து பெட்டிகள், கடைசியில் இன்னொரு பெரியவர். இறங்கும்போதும் முதலில் ஒரு பெரியவர்.

பிள்ளை கூட்டத்தில் காணாமல் போய்விட்டால் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்தை விட்டு நகராதீர்கள். மற்றவர் வெளிவாசலுக்குப் போங்கள், வழியில் காவலரிடம் சொல்லுங்கள். புறப்பட்ட காலையில் எடுத்த படம் போனில் இருந்தால் சட்டை நிறம் சொல்லத் தடுமாற மாட்டீர்கள். ரயில் நிலையத்தில் 139 எண்ணுக்கும் சொல்லலாம். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது: நின்ற இடத்தில் நில், சீருடைக்காரரிடமோ, பிள்ளையோடு நிற்கும் ஒரு தாயிடமோ சொல்.

இனி பொன்னாடைக்கு வருகிறேன். ஒரு பொன்னாடைக் காசுக்குப் பிள்ளைகளின் மணிக்கட்டில் மாட்டும் கைப்பட்டைகள் சில வாங்கலாமே! மேல்பக்கம் பெயர் வேண்டாம், தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை நம்பிவிடும். உள்பக்கம் +91 சேர்த்து உங்கள் எண், அதன் கீழே குழுத் தலைவரின் சவூதி எண். உங்கள் சிம் அங்கே வேலை செய்யாவிட்டாலும் அந்த எண் அடிக்கும். தலைவர் அவர்களே, ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலிலிருந்து இதைக் கொடுப்பதாக இந்த மேடையிலேயே அறிவியுங்கள். உம்ரா வகுப்பில் கஅபாவைச் சுற்றும் தவாஃபும், ஸஃபா மர்வா குன்றுகளுக்கு இடையே நடக்கும் ஸயீயும் சொல்லித் தருகிறோம், பிள்ளைகளுக்கு ஒரு மணிநேர ஒத்திகை கிடையாது. உஸ்தாதுமார்கள் சம்மதித்துவிட்டார்கள், நிர்வாகம்தான் பாக்கி.

மூன்றாவது செய்தியான தொழுகையை, தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ, சுருக்கித் தொழும் கஸ்ரு சட்டங்களோடு, ஹஜ்ரத் அவர்களே சொல்வதுதான் முறை.

நிர்வாகம் சம்மதித்தால் ஒத்திகை வரும் செவ்வாய் அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு மதரஸா வராந்தாவில். பெஞ்சுகளைப் போட்டுச் சோதனை வரிசை கட்டுவோம். உம்மாவும் அத்தாவும் இருவருமே வர வேண்டும், பெயரைச் செயலாளரிடம் இப்போதே கொடுங்கள். வீட்டுக்கு ஒரு காலிப் பெட்டியும், பிள்ளை பயணத்தில் போடப்போகும் அதே செருப்பும் கொண்டுவாருங்கள்.

வஸ்ஸலாம்.