1 டெராபைட் டிஸ்க்கில் 931 ஜிபிதான் காட்டுகிறதா?

வணக்கம் நண்பர்களே. புது ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கணினியில் செருகியதும் பலரும் பதறும் விஷயத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ. பெட்டியின்மேல் 1 டெராபைட் என்று போட்டிருக்கும். விண்டோஸில் திறந்து பார்த்தால் 931 ஜிபிதான் இருக்கும். மீதி எங்கே? ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. ஒரு பைட்கூடத் தொலையவில்லை. கால்குலேட்டரை எடுங்கள், சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

டிஸ்க் செய்பவர்களுக்கு 1 டெராபைட் என்றால் 1 லட்சம் கோடி பைட், அதாவது 1 போட்டுப் பின்னால் 12 சைபர். அதை 1024ஆல் வகுங்கள்: 97,65,62,500 வரும். இன்னொரு முறை 1024ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9,53,674. மூன்றாவது முறையும் வகுத்தால் 931.3. திரையில் பார்த்த அதே எண்! டிஸ்க் கம்பெனி ஒவ்வொரு படிக்கும் 1000 என்று எண்ணுகிறது, விண்டோஸ் 1024 என்று எண்ணுகிறது. டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய்ப் பாருங்கள். மொத்த பைட் எண்ணிக்கையும் ஜிபி கணக்கும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

இந்த 1024 எங்கிருந்து வந்தது? நினைவகச் சில்லில் எந்த இடம் என்று குறிக்கும் முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். 2, 4, 8, 16 என்று போய், 10 கம்பிக்கு 1024 இடங்கள் வந்துவிடும். இது 1000க்குப் பக்கத்தில் இருந்ததால் இதையும் கிலோ என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். அதனால்தான் 8 ஜிபி ராம் என்றால் இன்றும் 1024 கணக்குதான். டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

கிலோபைட் காலத்தில் வித்தியாசம் 2.4 சதவீதம், யாரும் கண்டுகொள்ளவில்லை. மெகாவில் அது ஏறக்குறைய 5 சதவீதம், ஜிகாவில் 7, டெராவில் 10. அளவு பெரிதாகப் பெரிதாகப் பள்ளமும் ஆழமாகிறது. நடுவில் பழைய ஃபிளாப்பியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1.44 எம்பி என்று போட்டிருந்தார்களே, அதில் 14,74,560 பைட் இருந்தது. அது 1.44 பெருக்கல் 1000 பெருக்கல் 1024. ஒரே எண்ணுக்குள் இரண்டு கணக்கும் கலந்திருக்கிறது!

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இலேயே 1024 கணக்குக்கென்று மெபிபைட், டெபிபைட் என்று தனி வரிசையில் பெயர் வைத்துவிட்டது. சுருக்கி எழுதும்போது நடுவில் ஓர் ஐ சேரும். எம்பி என்றால் 10,00,000 பைட்; எம்ஐபி என்றால் 10,48,576 பைட். லினக்ஸ் கருவிகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். ஆப்பிளின் மேக் கணினி, 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து 1000 கணக்குக்கே மாறிவிட்டது. விண்டோஸ் மட்டும் 1024ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்றே எழுதுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. நடுவில் அந்த ஓர் எழுத்தைப் போட்டிருந்தால் இத்தனை பேர் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட வேண்டியிருக்காது.

சரி, அப்புறம் இன்டர்நெட் வேகம். இங்கே சிக்கல் வேறு: பிட்டா, பைட்டா? 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆங்கிலத்தில் சிறிய பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். இணைப்பு விற்பவர்கள் பிட்டில்தான் சொல்வார்கள், டவுன்லோட் ஜன்னலோ பெரும்பாலும் பைட்டில் காட்டும். 100 மெகாபிட் இணைப்பை 8ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். டவுன்லோடில் 11, 12 என்று ஓடினால் உங்கள் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. கொஞ்சம் குறைவது ஏன் என்றால், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் முகவரி போன்ற கூடுதல் விவரங்களும் அதே கம்பியில்தான் போக வேண்டும்.

ஆகவே 1 ஜிபி ஃபைல் இறங்க எவ்வளவு நேரம் என்று கேட்டால், 1000ஐ 12.5ஆல் வகுத்து 80 விநாடி. கூடுதல் விவரங்களுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.