வேலூர்ப் பக்கம் பிள்ளைகளோடு பறவை, காடு, வானம் பார்க்க

[காட்சி: காலை வெயிலில் வேலூர்க் கோட்டை அகழி]

வணக்கம். லீவு நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்றால், வேலூரில் பல வீடுகளில் முதலில் வரும் பெயர் ஏலகிரி. போய் வாருங்கள், நல்ல இடம்தான். ஆனால் ஓர் உயிரைக் கால் மணி நேரம் நின்று பார்க்கப் பழகிவிட்டால், மலை ஏறும் முன்பே பார்க்க நிறைய இருக்கிறது. அந்தப் பழக்கத்தை இந்தக் கோட்டை அகழியிலேயே தொடங்கலாம்.

[காட்சி: கரையோரம் அசையாமல் நிற்கும் மடையான்]

கல்லோடு கல்லாக நிற்கிறதே, இதுதான் மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வோம். நிற்கும்போது மண் நிறம். பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. பிள்ளைகளிடம் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எத்தனை நேரம் அசையாமல் நிற்கிறது, கழுத்தை எப்போது நீட்டுகிறது, மீன் தப்பினால் இடம் மாறுகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். கோடை முடியும் சமயத்தில் வந்தால் இதே பறவையின் முதுகு கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். அது இனப்பெருக்கக் காலத்து நிறம்.

பக்கத்தில் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீர்க்காகம். அதன் இறகு தண்ணீரில் நன்றாக நனைந்துவிடும். முங்கி மீன் பிடிக்க அது வசதி. அதனால்தான் கரையேறியதும் வெயிலில் காயவைக்கிறது. "ஏன் இப்படி உட்கார்ந்திருக்கு?" என்று உங்கள் பிள்ளையே கேட்கும்வரை காத்திருங்கள். நாமாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பைனாகுலர் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், குடிக்கத் தண்ணீர், தொப்பி போதும். காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். அகழி ஓரத்தில் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

[காட்சி: ஏரிக்கரை, வரப்பில் ஆள்காட்டி]

அடுத்தது ஏரி. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பினால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது, மிகப் பெரியது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் உங்கள் ஊர் ஏரிக்கரையே போதும். நாமக்கோழி, முக்குளிப்பான், வாலாட்டி எல்லாம் அங்கேயும் வரும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றினால், பக்கத்தில் எங்கோ அதன் முட்டை இருக்கலாம். கூடு கட்டாது, வெறும் தரையில்தான் இடும். முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். வந்த வழியே திரும்பிவிடுங்கள். போட்டோ எடுக்கத் தேடவே கூடாது.

[காட்சி: அமிர்தி, மரங்களுக்கு நடுவே பாதை]

வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி. வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்கா, மான், மயில் பார்க்கலாம். அருவியில் தண்ணீர் வேண்டுமானால் மழைக்குப் பிறகு போங்கள். குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். கையில் வாங்கித் தின்று பழகிய குரங்கு, அடுத்து வரும் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும், கடிக்கும்.

மலை நடை வேண்டுமென்றால் ஏலகிரி சுவாமிமலைப் பாதை இருக்கிறது. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் அனுமதி, வயது விவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடுவார்கள். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியாது.

[காட்சி: இரவு வானம், காவலூர்]

ஆலங்காயம் வழியாக மேலே ஏறினால் காவலூர், வைணு பாப்பு வானாய்வகம். இங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் இரவில் ஒரு சிறிய தொலைநோக்கி வழியாகக் காட்டுவார்கள். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, அதனால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மொட்டை மாடியில் நோட்டோடு பிள்ளைகள்]

அப்புறம், ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். பொங்கல் விடுமுறை நாட்களில் குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பறவைகளை எண்ணி, 'இ-பேர்ட்' செயலியில் பதிவு செய்ய வேண்டும். மொட்டை மாடியே போதும். காகம், மைனா, தவிட்டுக்குருவி எல்லாமே கணக்கு. அடையாளம் சந்தேகமாக இருந்தால் ஊகித்து எழுத வேண்டாம், விட்டுவிடச் சொல்லுங்கள்.