வேலையை விட்ட பிறகு வரும் நோய்

வணக்கம் நேயர்களே. கதிரியக்கம் என்றதும் நமக்கு அணுகுண்டுதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அந்தக் குண்டுக்காக யுரேனியம் வெட்டியவர்களைப் பற்றி.

அமெரிக்காவின் தென்மேற்கில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் 1940களில் சுரங்கம் தோண்டினார்கள். கூலிக்கு இறங்கியவர்கள் நிறையப் பேர் அந்த மண்ணின் ஆட்களே. யுரேனியம் உள்ள பாறையிலிருந்து ரேடான் வாயு கசியும், நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அது சிதைந்து உண்டாகிற பொலோனியம் என்கிற கதிரியக்கப் பொருள் தூசியில் ஒட்டி, மூச்சோடு நுரையீரலில் போய்த் தங்கிவிடும். அதன் ஆல்பா கதிரை வெளியே ஒரு காகிதமே தடுத்துவிடும், உள்ளே தடுக்க எதுவுமில்லை. புற்றுநோய் வருவதற்குள் பத்து, இருபது வருஷம் ஓடிவிடும். ஆள் அந்த வேலையையே மறந்திருப்பார்.

சரி, இது முன்பே தெரியாதா? தெரியும். ஜெர்மனியின் ஷ்னீபெர்க்கில், இதே மாதிரி யுரேனியம் கலந்த பாறையை வெட்டிய சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றது நுரையீரலில் வரும் புற்றுக்கட்டி என்று 1879லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். என்னால் ஆறவே முடியாத விஷயம் அடுத்து நடந்ததுதான். 1950ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை இந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஆய்வைத் தொடங்கியது. உடம்பைப் பரிசோதித்தார்கள், சுரங்கக் காற்றில் ரேடானை அளந்தார்கள். தொழிலாளிகளிடம் மட்டும் ஆபத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று நிறுவனங்கள் பயந்தன, வாயைத் திறப்பதில்லை என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் ஆய்வு செய்ய வந்தவர்களை உள்ளே விட்டன. நன்றாகக் காற்றோட்டம் வைத்திருந்தாலே ரேடான் பெருமளவு குறைந்திருக்கும், அதுவும் அவர்களுக்குத் தெரியும். கீழே அந்த மனிதர்கள் தூசிக்கு நடுவே மதியச் சாப்பாடு சாப்பிட்டு, பாறையில் கசிகிற தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து நவஹோ ஆண்களில் புகைபிடித்தவர்கள் மிகக் குறைவு. அதனால் பீடி சிகரெட் மேல் பழியைப் போடவும் வழியில்லை. அப்படியும் தொழிலாளிகள் போட்ட வழக்கில் நீதிமன்றம் 1984ல் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1990ல்தான் மன்னிப்போடு ஒரு சட்டம் வந்தது, ஒருவருக்கு 1,00,000 டாலர் இழப்பீடு. அதை வாங்கப் போன விதவைகளிடம் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். தங்கள் மரபுப்படி மணந்தவர்கள் காகிதத்துக்கு எங்கே போவார்கள்?

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அந்தத் தூசித் துணிகளை வீட்டில் துவைத்த பெண்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும். சுரங்கத்திலோ கதிரியக்கப் பொருள் புழங்கும் இடத்திலோ எப்போதாவது வேலை பார்த்திருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.