ஏற்காட்டில் ஒரு ராத்திரி, எட்டுப் பேர், எத்தனை ஷாட்? அஸ்தம்பட்டி நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் உடன் படித்தவர்கள் எட்டுப் பேர் ஏற்காட்டில் வீடு எடுத்து ஒரு ராத்திரி தங்கப் போகிறார்களாம். அதில் இரண்டு பேர் குடிக்காதவர்கள். அடுக்கடுக்காக நிறம் தெரிகிற ஷாட்டை, அதாவது ஒரே மடக்கில் குடிக்கிற சின்ன கிளாஸ் மதுவை, வீட்டிலேயே கலக்க முடியுமா, ஒரு ஆள் எத்தனை ஷாட் வரைக்கும் தாங்குவார், இதுதான் கேள்வி.

முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதைச் சந்தோஷமாகச் சொல்கிறேன். இரண்டாவது பாதியில் இருக்கிற அந்த ‘தாங்குவார்’தான் உறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுக்கு நிற்பதற்குக் காரணம் கனம். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம். சுத்தமான ஆல்கஹால் ஒரு மில்லி 0.79 கிராம்தான். ஆக, ஆல்கஹால் கூடக்கூடத் திரவம் லேசாகும், சர்க்கரை கூடக்கூடக் கனக்கும். முன்பு நாம் பாகு காய்ச்சிய பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை போட்ட பாகு ஒரு மில்லி ஏறக்குறைய 1.23 கிராம் வரும். ரம், வோட்கா எல்லாம் 0.95 பக்கம். எனவே பாகு அடியில், மது மேலே. இந்த வரிசையை மாற்றினால் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் கலங்கித்தான் போகும்.

ஏற்காடு போகிறீர்கள், காப்பியிலேயே செய்யுங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிற பயிர் அது. இன்றைக்கும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடியோடு சேர்ந்து நிற்கிறது. சிக்கரி கலக்காத பொடியில் கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்குங்கள். சூடாக இருக்கும்போதே அதே எடைச் சர்க்கரையைக் கரைத்து, முழுதாக ஆறவிடுங்கள். இதுதான் அடி அடுக்கு, 10 மில்லி. நடு அடுக்குக்குக் கடையில் கிடைக்கிற ஃப்ரெஷ் க்ரீமில் கொஞ்சம் பாலும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள், 10 மில்லி. மேல் அடுக்கு ரம், அதுவும் 10 மில்லி.

ஊற்றுகிற விதம் முக்கியம். டீஸ்பூனைக் குப்புறத் திருப்பி, அதன் நுனி கிளாஸின் உள்பக்கச் சுவரைத் தொடும்படி, கீழ் அடுக்குக்குச் சற்று மேலே பிடியுங்கள். ஸ்பூனின் முதுகில் நூல் மாதிரி ஊற்றுங்கள். க்ரீம் சுவரோரமாக வழிந்து, காப்பியின் மேல் போய் மெதுவாகப் பரவும். ஒரு விநாடி லேசாகப் பழுப்பு ஏறுகிற மாதிரி தெரியும், பிறகு தானே தெளிந்து கோடு போட்டது போல நின்றுவிடும். ரம்மை ஊற்றும்போது ஸ்பூனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கள். எல்லாமே ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருந்தால் வேலை சுலபம். எலுமிச்சையை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். க்ரீமில் புளிப்புப் பட்டால் வாயிலேயே திரிந்துவிடும்.

இப்போது அந்த 10 மில்லியைக் கவனியுங்கள். நம் ஊரில் விற்கிற ரம், பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு ஸ்மால் பெக், அதாவது 30 மில்லியில், சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 10 கிராம் இருக்கிறது. நம் உடம்பு ஒரு மணி நேரத்தில் எரித்து முடிப்பது பொதுவாக 7 முதல் 10 கிராம் வரைதான். ஆக ஒரு ஸ்மாலுக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே. எத்தனை பேசினாலும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான்: கல்லீரலை அவசரப்படுத்த முடியாது. பிளாக் காபி, மோர், எலுமிச்சை ஜூஸ், பச்சைத் தண்ணீர்க் குளியல், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காபி குடித்தால் தூக்கம் கலையும், ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும்.

ஷாட்டில் என்ன சிக்கல் என்றால், அது ஒரே மடக்கில் உள்ளே போய்விடுகிறது. குடித்தது முழுசாக ரத்தத்தில் ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரவுண்டு போனால், முதல் ஷாட் தன் வேலையைக் காட்டுவதற்குள் நான்காவது ஷாட் கையில் இருக்கும். “எனக்கு ஒண்ணுமே ஏறலையே” என்று ஒருவர் சொல்வது அந்த நேரத்தில்தான். அவர் நன்றாகத் தாங்குகிறார் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வரிசையில் நிற்பது அவருக்கே தெரியாது. கல்லீரல் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும்.

அதனால் ‘எத்தனை தாங்குவார்’ என்பதற்கு நான் எண்ணிக்கை சொல்ல மாட்டேன். எடை, சாப்பிட்டது, ஆணா பெண்ணா, எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால், பெண்ணின் ரத்தத்தில்தான் அளவு கூடுதலாக இருக்கும், உடம்பில் நீர்ச்சத்து குறைவு என்பதால். வேகத்தை மட்டும் சொல்கிறேன். நான் சொன்ன அடுக்கு ஷாட்டில் ரம் 10 மில்லிதான். மூன்று ஷாட் சேர்ந்தால் ஒரு ஸ்மால். அதை ஒரு மணி நேரத்துக்கு விரித்துக்கொள்ளுங்கள். ராவாக 30 மில்லி ஊற்றினால் அந்த மணி நேரத்துக்கு அது ஒன்றோடு முடிந்தது. அழகுக்காகச் செய்கிற அடுக்கே அளவையும் காப்பாற்றிக் கொடுக்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வியின் முதல் பாதி எனக்குப் பிடித்தது.

கிளாஸை நம்பாதீர்கள். கடையில் ஷாட் கிளாஸ் என்று விற்பதில் 30 பிடிப்பதும் உண்டு, 60 பிடிப்பதும் உண்டு. பெக் மெஷர் இல்லையென்றால் இருமல் மருந்து பாட்டிலின் மூடி போதும், அதில் 5, 10 என்று கோடு இருக்கும். தண்ணீர் அளந்து ஊற்றி, கிளாஸில் ஒரு ஸ்கெட்ச் கோடு போட்டுவிடுங்கள். ஊற்றுகிற வேலை ஒரே ஆளிடம் இருக்கட்டும். பாட்டிலை மேசை நடுவில் வைத்தால் கணக்கு அப்போதே போய்விட்டது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கேட்டரிங் வேலையில் இருந்தபோது, டிசம்பர் மாதம், ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் விருந்து. வெளியே நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ரவுண்டில் ஒரு பெரியவர் “உடம்பு கதகதன்னு இருக்கு” என்று ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் புல்லில் சாய்ந்துவிட்டார். நெருப்பு அணைந்த பிறகு பார்த்தால் கை விரல் எல்லாம் சில்லிட்டுப் போயிருந்தது. மது தோலுக்குக் கீழே உள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடும். சூடாக இருப்பதாகத் தோன்றுவது அதனால்தான், உண்மையில் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஐயாயிரம் அடி உயரத்தில், பனி இறங்குகிற ராத்திரியில், இது விளையாட்டு இல்லை. கம்பளி போர்த்தி உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தோம், நன்றாகிவிட்டார்.

சாப்பாட்டை முன்னாலேயே முடியுங்கள். தட்டு வடை செட்டும் நொறுக்கலும் சைட் டிஷ்ஷுக்குச் சரி, அது வயிற்றைக் காக்காது. பரோட்டாவோ சோறோ, கறியோ முட்டையோ, ஒழுங்கான சாப்பாடு உள்ளே இருந்தால் ரத்தத்தில் ஏறுவது நிதானப்படும். எனர்ஜி ட்ரிங்க்கில் கலக்க வேண்டாம், தூக்கம் தெரியாமல் இன்னும் நாலு போகும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது, ராத்திரியில் சர்க்கரை சட்டென்று இறங்கும். கிளாஸில் நெருப்பு வைக்கிற ஷாட்டை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கவே நம் மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை, அவர்களுக்கு ஊற்றாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலையில் ‘நல்ல சரக்கு’ என்று யாராவது கேனில் கொண்டுவந்தால், ஒரு சொட்டு கலக்கக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. நாக்கு வைத்துப் பார்த்தோ, கொளுத்திப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. சீல் உடையாத பாட்டில் மட்டும்தான்.

யாராவது எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக, விட்டுவிட்டு வருகிறது என்றால், ‘மட்டையாகிட்டான், தூங்கட்டும்’ என்று அறையைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி வந்தாலும் மூச்சுக் குழாயில் போகாது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

சரி, இந்த நேயர் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எட்டில் இரண்டு பேர் குடிக்காதவர்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ராத்திரி அவர்களுக்கு என்ன கொடுப்பது? நான் எதிர்பார்த்தது இந்தக் கேள்வியைத்தான். ஏனென்றால் மறுநாள் காலையில் ஏற்காட்டு மலைப்பாதையின் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை இறக்கிக் கொண்டுவரப் போவது அவர்கள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு குவார்ட்டர் முடிக்கிறார், 180 மில்லி, 60 கிராம் ஆல்கஹால். எரிந்து முடிய ஆறிலிருந்து எட்டரை மணி நேரம். பத்து மணிக்கு ஆரம்பித்து, பன்னிரண்டரைக்குப் படுத்து, ஆறு மணிக்கு எழுந்து முகம் கழுவினால் தெளிவாக இருப்பது போலத்தான் இருக்கும். சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. பிடிபட்டால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்கினாலும் வளைவு வளைவுதான். தூங்கி எழுந்துவிட்டோம் என்பதற்காகக் கல்லீரல் வேகமாக ஓடிவிடாது.

அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் கோலாவை நீட்டிவிட்டு மூலையில் உட்காரவைப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். அதே கிளாஸ், அதே ஸ்பூன், அதே அடுக்கு அவர்களுக்கும் செய்யுங்கள். அடியில் நன்னாரி சர்பத்தை நீர் விடாமல் அப்படியே 10 மில்லி. அதன்மேல் வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு 10 மில்லி. ஏற்காட்டு ஆரஞ்சு கிடைக்கிற பருவமாக இருந்தால் அதைவிட வேறு எதுவும் வேண்டாம், கொஞ்சம் புளிப்பாக இருந்தாலும் வாசனை தூக்கலாக இருக்கும். மேலே சர்க்கரை போடாத ஆறின டிகாக்‌ஷனை இரண்டு பங்கு தண்ணீர் விட்டு இளக்கி, ஸ்பூன் முதுகில் 10 மில்லி விடுங்கள். சாற்றில் இயற்கையாகவே இனிப்பு இருப்பதால் அது கனம், காப்பி மேலே நிற்கும். கடைசியில் அப்போதே நுணுக்கிய மிளகு, விரல் நுனியில் ஒரு துளி.

கறுப்பு, ஆரஞ்சு, கறுப்பு என்று நிற்கும். முதலில் காப்பிக் கசப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் நன்னாரி. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கலந்து வைத்தால், குடிக்கிறவர்களே முதலில் இதைத்தான் எடுக்கிறார்கள். அதனால் அந்த இரண்டு பேருக்கு மட்டும் என்று அளந்து செய்யாதீர்கள், எட்டுப் பேருக்கும் சேர்த்தே செய்யுங்கள். ஒரு ரவுண்டு ரம் ஷாட், அடுத்த இரண்டு ரவுண்டு இது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் நேரமும் நீளும். டிகாக்‌ஷனைச் சாயங்காலமே இறக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், சூடாக இருந்தால் அடுக்கு நிற்காது.