மொட்டைக் கடுதாசியில ஒரு ஒப்புதல்: எழுதினது நிஜமாவே டி.பி. கூப்பரா?

வணக்கம் மக்களே. 1971 டிசம்பர் 11 வாக்குல அமெரிக்காவுல நாலு பெரிய பத்திரிகைக்கு ஒரே லெட்டரோட பிரதிகள் போகுது. நியூயார்க் டைம்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், சியாட்டில் டைம்ஸ். டைப் அடிச்ச லெட்டர். "விமானத்தைக் கடத்தினது நான்தான், என்னைப் பிடிக்கவே முடியாது"ங்கிறதுதான் சாரம். கீழ கையெழுத்து இடத்துல டி.பி. கூப்பர். கூடவே 717171684-னு ஒரு நம்பர், பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி. 2017-ல ஒரு தகவல் உரிமை வழக்கு மூலமா இது மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததுலேர்ந்து சண்டை ஓயல. அசலா, எவனோ பொழுதுபோகாம எழுதினதா?

கேஸ் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1971 நவம்பர் 24, போர்ட்லண்ட்லேர்ந்து சியாட்டில் போற நார்த்வெஸ்ட் ஓரியண்ட் 305. போயிங் 727. டான் கூப்பர்ங்கிற பேர்ல காசு கொடுத்து டிக்கெட் வாங்கின ஒரு ஆள், ப்ரீஃப்கேஸ்ல பாம் இருக்குன்னு பணிப்பெண்கிட்ட சீட்டு நீட்டறான். 2 லட்சம் டாலர், நாலு பாராசூட் வேணும்கிறான். சியாட்டில்ல அது ரெண்டும் கைக்கு வந்ததும் பயணிகள் எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, சிப்பந்திகள் நாலு பேரோட மறுபடி மேல கிளம்பச் சொல்றான். 10,000 அடிக்கு மேல போகக் கூடாது, சக்கரம் இறங்கியே இருக்கணும், ஃப்ளாப், அதாவது றெக்கையோட பின்பக்க மடிப்பு, 15 டிகிரி இறங்கியிருக்கணும், கேபின்ல அழுத்தம் ஏத்தக் கூடாது. இதெல்லாம் அவன் போட்ட கண்டிஷன். ராத்திரி எட்டு மணிக்கு மேல, தெற்கு வாஷிங்டன் பக்கம், வால்ல இருக்கிற படிக்கட்டு வழியா மழையில குதிச்சுட்டான். ரெனோவுல இறங்கிப் பார்த்தா ஆள் இல்ல. ஒரு கறுப்பு க்ளிப் டை, எட்டு ராலி சிகரெட் துண்டு, ரெண்டு பாராசூட், அவ்வளவுதான். 2016-ல எஃப்பிஐ தீவிர விசாரணையை நிறுத்திடுச்சு.

இப்ப லெட்டருக்கு வருவோம். இந்த மாதிரி மொட்டைக் கடுதாசியைப் பார்க்கும்போது எல்லாரும் முதல்ல பண்ற தப்பு, மொத்தமாப் படிச்சுட்டு "உண்மை மாதிரி தோணுதே"ன்னு சொல்றது. அப்படிப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு வரியாப் பிரிச்சு மூணு குவியலாப் போடணும். அன்னைக்குப் பேப்பர் படிச்ச எவனும் எழுதக்கூடிய வரி ஒண்ணு. யாராலயும் சரிபார்க்க முடியாத வரி இன்னொண்ணு. விமானத்துக்குள்ள இருந்தவனுக்கு மட்டுமே தெரிஞ்ச வரி மூணாவது. மூணாவது குவியல்ல எத்தனை விழுதுங்கிறதுதான் கணக்கு. மத்த ரெண்டும் எவ்வளவு உயரமா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

ஆரம்பிக்கலாமா? "நான் ராபின்ஹூட் இல்ல." இது யாரு வேணா எழுதலாம். "எனக்கு இன்னும் 14 மாசம்தான் ஆயுசு." சரிபார்க்க முடியாது. "என் வாழ்க்கை முழுக்க வெறுப்பும் பசியும்தான்." இதுவும் அதேதான். "இதுவரைக்கும் ஸ்பீடிங் டிக்கெட்கூட வாங்கினதில்ல." நாட்டுல பாதிப் பேர் சொல்லலாம். "அதுக்கப்புறம் எத்தனையோ விமானத்துல போய் வந்துட்டேன், எந்தக் காட்டுக் கிராமத்துலயும் பதுங்கல." போலீஸ் காட்டுக்குள்ள தேடுதுன்னு பேப்பர்ல படிச்சவன் எழுதற வரி.

"விக் வெச்சிருந்தேன், புட்டி மேக்கப் போட்டிருந்தேன், நீங்க வரைஞ்ச படம் நான் இல்ல." இந்த வரியிலதான் நிறைய பேர் விழறாங்க. படம் பேப்பர்ல வந்தாச்சு, அதைப் பார்த்துட்டு "அது நான் இல்ல"ன்னு சொல்றதுக்கு விமானம் ஏறணும்னு அவசியம் இல்லையே. இன்னொண்ணு, நடைமுறையில யோசிச்சுப் பாருங்க. புட்டிங்கிறது மூக்கு, தாடை வடிவத்தை மாத்த நாடகக்காரங்க வெக்கற மெழுகு மாதிரி மாவு. மேடையில இருபது அடி தள்ளி நின்னு பார்த்தா ஜோர். ஆனா அதோட ஓரம் தோலோட சேர்ற இடம் பக்கத்துல உட்கார்ந்தா தெரிஞ்சுடும், உடம்புச் சூட்டுல இளகவும் செய்யும். பணிப்பெண் டீனா மக்லோ அவன் பக்கத்து சீட்லயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாங்க. அந்தத் தூரத்துல புட்டி தாக்குப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். முடியவே முடியாதுன்னு சொல்லல.

"கைரேகை விடல." இதுல ஒரு வேடிக்கை இருக்கு. விமானத்துலேர்ந்து அடையாளம் தெரியாத 66 ரேகை எடுத்தாங்க. அதுல எது அவனோடது, எது முந்தின நாள் பயணியோடதுன்னு பிரிக்க வழியில்ல. அதனால இந்த வரி பொய்னும் நிரூபிக்க முடியாது, நிஜம்னும் நிரூபிக்க முடியாது. ஆனா மணிக்கணக்கா உட்கார்ந்து எட்டு சிகரெட் பிடிச்சு, க்ளாஸ்ல குடிச்சு, பாராசூட்டைத் தடவிப் பார்த்த ஆளு, ஒரு ரேகைகூட விடலன்னு அவ்வளவு உறுதியா எழுதுவானா?

ஆக, முழு லெட்டரும் முதல் ரெண்டு குவியல்லயே முடிஞ்சு போச்சு. மூணாவதுல பூஜ்யம்.

கையெழுத்தைப் பத்தியும் பேசணும். டிக்கெட்ல இருந்த பேர் டான் கூப்பர். "டி.பி."ங்கிறது நிருபர்கள் பண்ணின குளறுபடி. போர்ட்லண்ட்ல அந்த இனிஷியலோட ஒரு ஆளை போலீஸ் விசாரிச்சுது, அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா செய்தி அவசரத்துல அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. கடத்தினவனுக்குத் தான் என்ன பேர் கொடுத்தோம்னு தெரியும். அவன் டான்னுதானே போடணும்? இதை நானே ரொம்ப வலுவான வாதம்னு சொல்ல மாட்டேன். ஏன்னா, உலகமே டி.பி.ன்னு கூப்பிடுது, டான்னு போட்டா பத்திரிகைக்காரன் தூக்கிக் குப்பையில போடுவான்னு அவனே யோசிச்சிருக்கலாம். ஆனா "டான்"னு போட்டிருந்தா அதுக்காக நாலு மார்க் கிடைச்சிருக்கும். கிடைக்கல.

அந்தச் சமயத்துல வந்தது இது ஒண்ணு மட்டும் இல்ல. பேப்பர்லேர்ந்து எழுத்து வெட்டி ஒட்டி ரெனோ பத்திரிகைக்கு ஒண்ணு, "உபசரிப்புக்கு நன்றி"ன்னு. கனடாவுல வான்கூவர் பத்திரிகைக்கு இன்னொண்ணு, "க்ரே கப் மேட்ச் ரசிச்சேன்"னு. க்ரே கப்ங்கிறது கனடா ஃபுட்பாலோட இறுதிப் போட்டி; நவம்பர் 28 அன்னைக்கு அந்த மேட்ச் வான்கூவர்லயேதான் நடந்துச்சு, ஊர்க்காரன் எவனுக்கும் தெரியும். அதுக்கு நடுவுல டிசம்பர் லெட்டர் சீரியஸாத் தெரியறதுக்குக் காரணம் நடைதான். நல்லா எழுதத் தெரிஞ்சவன் எழுதியிருக்கான். எழுத்து நல்லா இருக்கிறது வேற, எழுதினவன் கடத்தினவன்ங்கிறது வேற.

சரி, அசல் ஆளு தன்னை நிரூபிக்கணும்னா என்ன பண்ணியிருக்கணும்? இங்கதான் எனக்கு இந்த லெட்டர் மேல நம்பிக்கையே போகுது. அவன்கிட்ட 10,000 ஆதாரம் இருந்துச்சு. 20 டாலர் நோட்டு, 10,000 எண்ணிக்கை, சுமார் 10 கிலோ. ஒவ்வொரு நோட்டோட சீரியல் நம்பரும் மைக்ரோஃபிலிம்ல பதிவாகியிருந்துச்சு. டிசம்பர் 11 அன்னைக்கு அந்தப் பட்டியல் வங்கிகள் மாதிரி இடங்கள்ல இருந்துச்சே தவிர, பொதுமக்கள் கைக்கு வரல. 1972 தொடக்கத்துலதான் அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல் அதை வெளியிட்டார். அப்படின்னா அந்தத் தேதியில நாலே நாலு சீரியல் நம்பரை டைப் அடிச்சிருந்தாலே போதும். நோட்டை அனுப்ப வேண்டாம், ரேகை பயம் இல்ல, செலவு இல்ல. மறுநாளே எஃப்பிஐ கையைப் பிசைஞ்சிருக்கும். எவன் வேணா கிறுக்கக்கூடிய 717171684-ஐப் போட்டானே தவிர, நோட்டு நம்பரைப் போடல.

இது நான் சும்மா எதிர்பார்க்கிறது இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி, 1969 அக்டோபர்ல, அதே மேற்குக் கரையில, ஸோடியாக்னு தன்னைச் சொல்லிக்கிட்ட கொலைகாரன் சான்பிரான்சிஸ்கோ க்ரானிக்கிளுக்கு லெட்டர் எழுதினப்ப, கொன்ன டாக்ஸி டிரைவரோட ரத்தம் படிஞ்ச சட்டையைக் கிழிச்சு உள்ள வெச்சான். அதுக்கப்புறம் "நீதானா"ன்னு கேக்கவே வேண்டியதில்ல.

சீரியல் நம்பர் வெளிய வந்த பிறகு அதே ஆதாரம் செல்லாக்காசு ஆயிடும், அதையும் கவனிக்கணும். 1972-ல ரெண்டு பேர் கூப்பர் நோட்டுகளோட சீரியல் நம்பரைப் போட்டு 20 டாலர் கள்ள நோட்டு அடிச்சு, "கூப்பரோட பேட்டி ஏற்பாடு பண்றோம்"னு நியூஸ்வீக் நிருபர் ஒருத்தர்கிட்ட 30,000 டாலர் கறந்துட்டாங்க. தேதி ரொம்ப முக்கியம் மக்களே. எந்த ஒப்புதலைப் பார்த்தாலும், அந்த விவரம் பொதுவெளிக்கு வந்த தேதி என்ன, லெட்டரோட தபால் முத்திரைத் தேதி என்ன, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க.

பணத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. லெட்டர்ல "சீக்கிரமா லாபம் பார்க்க இதுதான் வழி"ங்கிறான். ஆனா அந்த 10,000 நோட்டுல இதுவரைக்கும் கண்டுபிடிச்சது 290 மட்டும். 1980 பிப்ரவரியில கொலம்பியா ஆத்தங்கரையில, டீனா பார்ங்கிற மணல் திட்டுல, 8 வயசுப் பையன் ஒருத்தன் நெருப்பு மூட்ட மணலைத் தள்ளினப்ப மூணு கட்டு கிடைச்சுது. ரெண்டுல நூறு நூறு, மூணாவதுல 90. மொத்தம் 5,800 டாலர். மத்தது எங்கயும் செலவானதா தடயம் இல்ல. உயிரோட இருந்து ஊர் ஊராப் பறக்கிறவன் ஒரு நோட்டுகூட மாட்டாம செலவழிச்சானா? சின்னச் சின்னதா மாத்தியிருந்தா தப்பிச்சிருக்கலாம், இருபது டாலர் நோட்டைக் கடைக்காரன் எவன் பட்டியலோட ஒப்பிடப் போறான். ஆனா அந்த மூணு கட்டு ஆத்து மணலுக்குள்ள எப்படிப் போச்சுங்கிறதுக்கு பதில் சொல்லாத எந்த ஒப்புதலும் முழுசு இல்ல.

இப்ப சங்கேதம். எனக்குப் பிடிச்ச இடம் இது. 1972 மார்ச்ல போர்ட்லண்ட் ஓரிகோனியன் பத்திரிகைக்கு இன்னொரு லெட்டர் வந்துச்சு, "நான் பஹாமாஸ் போய்ட்டு வந்தேன்"னு. 2018-ல ஒரு குழு, அந்த லெட்டர்ல ஒரு சொற்றொடரோட இங்கிலீஷ் எழுத்துகளை நம்பராக்கிக் கூட்டினா 269 வருது, "ஐ'ம் எல்டி ராபர்ட் டபிள்யூ ராக்ஸ்ட்ரா" (நான் லெஃப்டினென்ட் ராபர்ட் டபிள்யூ ராக்ஸ்ட்ரா)ங்கிற வாக்கியமும் 269 வருது, அதனால எழுதினது ராக்ஸ்ட்ராங்கிற அந்த முன்னாள் ராணுவ விமானிதான்னு சொன்னாங்க. டிசம்பர் லெட்டர் நம்பரையும் அவரோட ராணுவப் பிரிவுகளோட முடிச்சுப் போட்டாங்க. அவரை எஃப்பிஐ 1970-களோட கடைசியிலயே விசாரிச்சு விலக்கிடுச்சு. கடத்தல் நடந்தப்ப அவருக்கு 28 வயசு, சாட்சிகள் சொன்னது நாப்பது தாண்டின ஆள். அவர் மேல இந்த கேஸ்ல குற்றச்சாட்டே பதிவாகல, 2019-ல காலமாயிட்டார்.

கூட்டல் கணக்கு சரியான்னு பார்க்கலாம். ஏ-க்கு 1, பி-க்கு 2, இப்படி இஸட்-க்கு 26. போட்டுப் பாருங்க, நிஜமாவே 269 வருது. அதுல பொய் இல்ல. ஆனா "ஐ'ம்"க்குப் பதிலா "ஐ ஆம்"னு விரிச்சா ஒண்ணு கூடி 270. நடுவுல இருக்கிற டபிள்யூ இனிஷியலை எடுத்தா 246. அதாவது, விடை வர்ற மாதிரி வாக்கியத்தை வளைச்சுக்கலாம். இப்ப என் பங்குக்கு ஒண்ணு. "ஐ ஆம் நாட் டான் கூப்பர், இட் இஸ் எ ஹோக்ஸ்." அதாவது, நான் டான் கூப்பர் இல்ல, இது புரளி. ஐ 9, ஆம் 14, நாட் 49, டான் 19, கூப்பர் 72. இதுவரைக்கும் 163. இட் 29, இஸ் 28, எ 1, ஹோக்ஸ் 48. இது 106. மொத்தம்? 269. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான். சங்கேதம்னா ஒரே ஒரு விடைதான் வரணும். எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கிற பூட்டு, பூட்டே இல்ல.

அப்ப ஒருத்தன் இன்னைக்கு வந்து "நான்தான்"னு சொன்னா என்ன கேக்கணும்? பாராசூட்ல ஆரம்பிப்பேன். கொடுத்த நாலுல ஒரு மார்புப் பாராசூட் வகுப்புல காட்டறதுக்கான டம்மி, தைச்சு மூடினது. அது விமானத்துல இல்ல. அதை எதுக்கு எடுத்துட்டுப் போனே? இன்னொண்ணோட கயிறை அறுத்திருந்தே, எத்தனை, எதைக் கட்ட? அப்புறம் படிக்கட்டு. அந்தப் படி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல காத்து தள்ளறதால முழுசா இறங்காது, ஆள் கீழ் படிக்குப் போனாத்தான் எடையில தாழும். குதிச்ச உடனே எகிறி மேல அடிக்கும். 8:13 மணி வாக்குல வால் குலுங்கினது அதனாலதான்னு 1972 ஜனவரியில அதே மாதிரி விமானத்துலேர்ந்து 200 பவுண்டு எடையைத் தள்ளிவிட்டு சோதிச்சுப் பார்த்தாங்க. கடைசிப் படியில நின்னவனுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு உடம்பு ஞாபகம் வெச்சிருக்கும். விளக்கமாச் சொல்லுன்னு விட்டுட்டு, நாம வாயைத் திறக்கக் கூடாது. நாமளே ஒரு விவரம் எடுத்துக் கொடுத்துட்டா அந்தக் கேள்வி வீணாயிடும்.

டிஎன்ஏ? டைலேர்ந்து எடுத்தாங்க. ஆனா ரெண்டு சின்ன மாதிரி, ஒரு பெரிய மாதிரின்னு ஒண்ணுக்கு மேல கிடைச்சுது, எது கூப்பரோடதுன்னு எஃப்பிஐயே உறுதியாச் சொல்லல. டை பழசா வாங்கினதா இருந்தா இன்னும் மோசம். லெட்டர் பக்கம் பார்த்தா, தபால்தலையை நாக்கால நக்கி ஒட்டியிருந்தா பசைக்கு அடியில எச்சில் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனா அது டையோட பொருந்தினாத்தான் சேதி. பொருந்தலைன்னா, லெட்டர் போலியா, இல்ல டைல இருக்கிறது கடைக்காரன் எச்சிலான்னு அங்கயே நிக்க வேண்டியதுதான்.