காலை பத்தரைக்கு மட்டும் காணாமல் போகும் சர்வர்

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம். ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளம்தான், ஆனால் நீளமாக எழுதியது நல்லதாகப் போயிற்று. இதில் வருகிற உபுண்டு என்பது விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம். சம்பா, அதிலிருக்கிற ஃபைல்களை மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்கிற மென்பொருள். ஸ்விட்ச், கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கிற கருவி. பிங், “இருக்கிறாயா?” என்று ஒரு கருவியைக் கேட்டுப் பதில் பார்க்கிற சோதனை. அப்படியே படிக்கிறேன்.

“எங்கள் ஆபீஸில் 11 கம்ப்யூட்டர். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு, சம்பா மூலமாக எல்லா ஃபைலையும் அதில்தான் வைத்திருக்கிறோம். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது மூன்று வாரமாக, காலை பத்தரை மணி வாக்கில் சர்வர் ஃபோல்டர் திறக்க மாட்டேன் என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. இன்டர்நெட் நன்றாக வருகிறது. சர்வரைப் பிங் செய்தால் பதிலும் வருகிறது. சனிக்கிழமை பாதிப் பேர்தான் வருவார்கள், அன்றைக்குப் பிரச்சினையே இல்லை. ஸ்விட்ச்சை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். நெட் கம்பெனிக்காரர் வேறு போன மாதம்தான் பெட்டியை மாற்றிவிட்டுப் போனார். புது சர்வர் வாங்கிவிடலாமா?”

வாங்காதீர்கள் சார். உங்கள் சர்வர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கேபிள் கெட்டிருந்தால் அதற்குச் சனிக்கிழமை தெரியாது. ஸ்விட்ச் கெட்டிருந்தால் பத்தரை மணி தெரியாது. ஆள் கூடினால் வருகிறது, ஆள் குறைந்தால் போகிறது என்றால், ஆட்களோடு சேர்ந்து ஏதோ ஒன்று உள்ளே வருகிறது. அது அவர்கள் சட்டைப் பையில் இருக்கிற ஃபோன். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி மாதிரி ஓர் ஐபி எண் உண்டு. உங்கள் சர்வருக்கு நீங்கள் கொடுத்திருக்கிற அதே ஐபி எண்ணை, ரவுட்டர், அதாவது நெட் கம்பெனிக்காரர் மாற்றிய அந்தப் பெட்டி, யாரோ ஒருவருடைய ஃபோனுக்கும் கொடுக்கிறது என்பது என் கணிப்பு. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு.

சர்வர் எண்ணை இவர் சொல்லவில்லை. 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம், சுருக்கமாகக் கடைசிப் பகுதியை மட்டும் 20 என்று சொல்கிறேன். அதை யாரோ சர்வரிலேயே கையால் போட்டிருப்பார்கள். ரவுட்டருக்கு அது தெரியாது. ரவுட்டர் தன் பாட்டுக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் எண் வழங்கிக்கொண்டிருக்கும், அதுதான் டிஹெச்சிபி. பழைய பெட்டியில் அது 100-க்கு மேல்தான் வழங்கும்படி யாராவது அமைத்திருக்கலாம். அதனால்தான் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். புதுப் பெட்டி 2-ல் தொடங்கி 254 வரை எல்லாமே தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். நிறையப் பெட்டிகள் வரிசையாகக் கொடுக்கும். 11 கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அப்புறம் ஒவ்வொருவராக வந்து வைஃபையில் சேர்கிற ஃபோன்கள். வழங்கும் எண் ஒன்பதரைக்கு 14, பத்து மணிக்கு 17, பத்தரைக்கு எல்லோரும் வந்து சேரும்போது 20. சனிக்கிழமை அந்த எண் 20-ஐத் தொடுவதே இல்லை. கேள்வியில் “வேறு” என்று போகிற போக்கில் சொன்னாரே, பெட்டி மாற்றியது, அதுதான் விஷயமே.

இப்போது அந்தப் பிங். அதுதான் இவரை மூன்று வாரம் சுற்ற வைத்திருக்கிறது. பிங்குக்குப் பதில் வருகிறது, ஆகவே சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆகவே சம்பாவில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார். பதில் வந்தது சரி. பதில் சொன்னது யார்?

திரையைப் பாருங்கள். இது கேபிளில் இருக்கிற என் சர்வர். நான்கு பதிலும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு, நான்கும் ஒரே மாதிரி. இப்போது இதே மேஜையில் இருக்கிற என் ஃபோனைப் பிங் செய்கிறேன். 87, 6, 214, 31. ஃபோன் பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபையை அடிக்கடி தூங்கப் போடும், அதனால் இப்படித் தள்ளாடும். கேபிளில் இருக்கிற சர்வர், அதுவும் ஒரே ஸ்விட்ச்சில், இப்படித் தள்ளாடக் கூடாது. பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்காமல் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்றும் பாருங்கள். ஃபோல்டர் திறக்காததும் இதனால்தான். விண்டோஸ் 445-ஆம் போர்ட்டை, அதாவது ஃபைல் பகிர்வுக்கான கதவைத் தட்டுகிறது, ஃபோனில் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை.

இதை ஊகமாக விடக் கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பிரச்சினை இருக்கும்போதே, ஃபோல்டர் திறக்காத ஒரு கம்ப்யூட்டரில் கருப்புத் திரையை, அதாவது கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஏ ஆர் பி என்று அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, மைனஸ் ஏ போடுங்கள். ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் ஐபி எண், அதற்கு எதிரே 12 எழுத்து மேக் முகவரி, அதாவது அந்தக் கருவியின் அடையாள எண். 20-க்கு எதிரே இருப்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சர்வரில் போய் ஐபி, ஸ்பேஸ், ஏ என்று அடித்தால் அதன் சொந்த மேக் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நான் சொன்னது தப்பு, என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். வேறு வேறாக இருந்தால் அகப்பட்டுவிட்டது.

அந்த அந்நிய மேக்கின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் பதித்த எண் இல்லை, கருவியே தனக்கு வைத்துக்கொண்ட எண். ஆண்ட்ராய்டு 10, ஐஃபோனில் ஐஓஎஸ் 14, இவற்றிலிருந்து ஃபோன்கள் வைஃபையில் தங்கள் உண்மையான மேக்கைக் காட்டாமல் இப்படி ஒரு போலி எண்ணைத்தான் காட்டுகின்றன. ஆபீஸ் நெட்வொர்க்கில் அப்படி ஒன்று தென்பட்டால் பெரும்பாலும் ஃபோன்தான்.

கருப்புத் திரையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. எனக்கு இதுதான் பிடிக்கும். சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிவிட்டு 20-ஐப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஃபைல் யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள், அது முக்கியம்.

ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது? ஐபி எண்ணை மேக்கோடு பொருத்துகிற அந்த ஏஆர்பி 1982-ல் வகுத்த ஏற்பாடு. “20 யாருப்பா?” என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்டால், யார் “நான்தான்” என்றாலும் நம்பிக் குறித்துக்கொள்ளும். அடையாள அட்டை கேட்காது. சர்வர் எழுந்ததும் முதல் வேலையாக ரவுட்டரை எல்லோர் காதிலும் விழும்படி கூப்பிடும். அந்தக் கூப்பாட்டிலேயே அதன் எண்ணும் மேக்கும் இருப்பதால், மற்றவை தங்கள் குறிப்பைத் திருத்திக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஃபோன் அதே மாதிரி ஏதாவது கூப்பிடும், குறிப்பு மறுபடி மாறும். இதனால் 11 கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் விழாது. ஒன்றில் திறக்கும், பக்கத்தில் திறக்காது. இவர் அதை எழுதவில்லை, ஆனால் ஆபீஸில் கேட்டுப் பார்த்தால் “எனக்கு நல்லாத்தானே வருது” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஃபோன் மேல் மட்டும் பழி போடவும் கூடாது. நான் முதன்முதலில் இதில் மாட்டியபோது இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து கேபிள் முனை முனையாகக் கிரிம்ப் செய்தேன். கடைசியில் பார்த்தால் வாசலில் இருந்த கைரேகை மெஷின். அதை மாட்டிவிட்டுப் போனவர் சர்வர் எண்ணையே அதற்கும் போட்டிருந்தார். மின்சாரம் போய் வந்தால்தான் தகராறு வரும், ஏனென்றால் மெஷின் யூபிஎஸ்ஸில் இல்லை. சிசிடிவி பெட்டியும் இப்படிச் செய்யும். ஆகவே அந்த மேக்கின் இரண்டாவது எழுத்து நான் சொன்ன நான்கில் இல்லை என்றால், ஆணியில் தொங்குகிற பெட்டிகளைப் பாருங்கள்.

சரி, தீர்வு. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரவுட்டரிலேயே “இந்த மேக்குக்கு எப்போதும் இந்த எண்” என்று ஒதுக்கி வைப்பது. இன்னொன்று, ரவுட்டர் வழங்கும் வரம்பைச் சுருக்கி, சர்வர் எண்ணை அதற்கு வெளியே விடுவது. நிறையப் பேர் முதல் வழியைச் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் மாதிரி ஆபீஸில் பெட்டி நெட் கம்பெனியுடையது. நாளைக்கு அவர்கள் இன்னொரு பெட்டி கொண்டுவந்தால் ஒதுக்கீடு முழுக்கப் போய்விடும். அதனால் நான் இரண்டாவது பக்கம். அதுவும் போகும்தான், ஆனால் மறுபடி போட வேண்டியது இரண்டே இரண்டு எண்.

சர்வர் எண்ணை மாற்றாதீர்கள். மாற்றினால் 11 கம்ப்யூட்டரிலும் ஃபோல்டர் இணைப்பை மறுபடி போட வேண்டியிருக்கும். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, டிஹெச்சிபி தொடக்கம் 192.168.1.100, முடிவு 192.168.1.199 என்று போட்டுச் சேமியுங்கள். 100 பேருக்கு எண் உண்டு, உங்களுக்குத் தாராளம். பிரிண்டர் எண், சிசிடிவி எண் எல்லாம் 100-க்குக் கீழே கையால் போட்டுக்கொள்ளலாம். மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு செய்யுங்கள், செய்ததும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மறுநாள் யாராவது ஒருவருடைய ஃபோன் இன்னும் 20-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால், வைஃபையை அணைத்துப் போடச் சொன்னால் விட்டுவிடும்.

பெட்டியில் விருந்தினர் வைஃபை இருந்தால் ஃபோன்களையெல்லாம் அங்கே தள்ளிவிடுங்கள் என்றும் சொல்வேன். கணக்கு ஃபைல் இருக்கிற நெட்வொர்க்கில் எல்லோருடைய ஃபோனும் இருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இதே மாதிரி “சர்வர் வரவில்லை” என்று கேட்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கம்ப்யூட்டரின் எண் 169.254 என்று தொடங்கினால் இது உங்கள் கதை இல்லை. அது ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொண்ட எண், அங்கே கேபிளையும் ஸ்விட்ச்சையும் பாருங்கள். ஃபோல்டர் திறக்கிறது ஆனால் நத்தை மாதிரி நகர்கிறது என்றால், கேபிள் 1000-க்குப் பதில் 100 மெகாபிட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். 100-க்கு நான்கு கம்பி போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். அந்தக் கூடுதல் நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

ஈரோடு நண்பரே, மாற்றுவதற்கு முன் அந்த ரவுட்டர் பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு இன்னொரு படம். நெட் கம்பெனிக்காரர் அடுத்த பெட்டியோடு வரும்போது இரண்டாவது படத்தை அவரிடம் காட்டி, இதே மாதிரி போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.